வெல்லத்தில் காய்ச்சியது

அந்த வெள்ளிக்கிழமை சந்திரநாதன் வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். இடது கையில் ஒரு துணிப்பை. அதைக் கேரியரில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு அது. செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பங்களில், சமணர்கள் என்பதால், விளக்கு வைத்த பிறகு அடுப்பு எரியாது. தட்டு வைத்துக் காத்திருந்த அவர் மனைவி தனலட்சுமி வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"இன்னாங்க, சைக்கிள் பஞ்சரா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் தள்ளிக்கினு வர்றீங்க?"

அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். அரிசிப் பானையின் மூடியைத் திறந்து, பைக்குள்ளிருந்து காகிதம் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து, அரிசிக்குள் கழுத்தளவு புதைத்தார். பிறகு இரண்டு கை அரிசியை அள்ளி மேலே போட்டார். தனலட்சுமி பின்னாலேயே நின்றிருந்தாள். பாட்டில் உள்ளே போவதற்குள் வாசனை வெளியே வந்துவிட்டது. அவள் பிறந்தது அனந்தபுரத்துக்குப் பக்கத்தில். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சின்ன வயதில் சொல்லி வளர்த்தார்கள். அங்கிருந்து காற்றடித்தால் வருகிற வாசனை அது.

"சாராயமா?"

"மெதுவா பேசு. எரிபொருள். ரெண்டு நாள் இருக்கட்டும், திங்கட்கிழமை எடுத்துக்கினு போயிடறேன்."

"எங்க போவீங்க? பள்ளிக்கூடத்துல வேணாம்னுதான இங்க வந்துருக்குது?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார்.

எண்பத்தொன்றாம் வருஷத் தை மாதம் அது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு விடிகாலை மூன்று மணிக்கே டின்களை வரிசையில் வைத்துவிட்டு, பனியில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வரிசையிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பெஞ்சில் தூங்கினார்கள். வெளிநாட்டில் கரும்பிலிருந்து காய்ச்சியதை ஊற்றிக் கார் ஓட்டுகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தார் சந்திரநாதன். பொங்கலுக்கு வந்த வெல்லம் ஊரில் மலிந்து கிடந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கிலோ வெல்லம் கொண்டுவரச் சொன்னார். பஜாரில் பன் போடுகிற பேக்கரியிலிருந்து ஈஸ்ட் வாங்கிக் கரைத்து, கண்ணாடி ஜாடியில் விட்டு, மூடியில் ஒரு குழாய் செருகி, குழாயின் மறுமுனையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வைத்தார். மறுநாள் சுண்ணாம்புத் தண்ணீர் பாலாக வெளுத்திருந்தது. ஜாடிக்குள் சளசளவென்று குமிழி. வகுப்பே சுற்றி நின்று காதைக் கொடுத்துக் கேட்டது. ஏழு நாள் கழித்து வடித்து, இரண்டு முறை காய்ச்சி இறக்கியபோது நானூற்றைம்பது மில்லி கிடைத்தது. அதில் கொஞ்சத்தை விளக்கில் ஊற்றிக் கொளுத்தி, அந்த நெருப்பில் நாற்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு வாய் டீ போட்டார்கள்.

"கடலூர்ல ஜில்லா கண்காட்சிக்குக் கொண்டு போலாம்னு இருந்தேன். ஹெட்மாஸ்டரு இன்னிக்குத்தான் உள்ள வந்து பார்த்தாரு. 'யோவ், மதுவிலக்கு அமல்ல இருக்குது, கிளாஸ் ரூம்ல சாராயம் காச்சியிருக்கிற, உன்னோட சேத்து என்னையும் உள்ள தள்ளுவான், இப்பவே கொட்டு'ன்னாரு. பசங்க முன்னாடி எப்படிக் கொட்டுறது? கொட்டிட்டேன்னு சொல்லிட்டு எடுத்துக்கினு வந்துட்டேன்."

"ஈஸ்ட்டுன்னா உசுரு உள்ளதுன்னு நீங்கதான சொன்னீங்க? அது அத்தனையும் இன்னா ஆச்சு?"

"அது கக்குறதுதான் இது. ஒரு அளவுக்கு மேல போனா அதுலியே அது செத்துப் போயிடும்."

விடிகாலையில் பொங்கல் வைக்க அந்தப் பானையிலிருந்து அரிசி எடுக்கத் தனலட்சுமிக்குக் கை போகவில்லை. எதிர்வீட்டில் கடன் வாங்கினாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அவலூர்பேட்டையில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அவர் முதல் பஸ்ஸில் போய்விட்டார். ஒரே மகள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் தனலட்சுமியும் அந்தப் பாட்டிலும்.

பத்து மணிக்குத் தெருமுனையில் ஜீப் வந்து நின்றது. மதுவிலக்குப் போலீஸ். அந்த வாரம் முழுக்க மலையடிவாரத்தில் சாராய ஊறல் பானைகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவுக்குள் எதற்கு வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் தடி. முதல் வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

ஹெட்மாஸ்டர்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நாற்பது வீட்டில் டீ குடித்த கதையைச் சொல்லியிருக்கும். கணவர் கையில் விலங்கோடு பஜாரில் நடந்து போவது, மகள் ஹாஸ்டல் வாசலில் பெட்டியோடு நிற்பது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. அரிசிக்குள் கையை விட்டுப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து கவிழ்த்தாள். மண் குடித்தது. அடுத்த நிமிஷம் வாசனை எழும்பியது. வெயிலில் சுட்டிருந்த மண்ணிலிருந்து குப்பென்று வந்த வாசனை தெருவுக்கே போய்விடும் போலிருந்தது. பாதி கொட்டியிருந்தாள். மீதியைக் கொட்டப் பயந்து நிமிர்த்தினாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். சாணத்தைக் கரைத்து மேலே தெளித்தாள். பாட்டிலை மறுபடி அரிசிக்குள் அமுக்கிவிட்டு வாசலுக்கு வந்தபோது ஜீப் போயிருந்தது. யாரோ வாடகைக்கு இருந்த ஒருவனைத் தேடி வந்தார்களாம். ஆள் வேறு தெருவாம்.

சாயங்காலம் திரும்பி வந்தவரிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வரவில்லை. ரத்தினம்மாள் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறவள். ஒரே எருமை வைத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்கு ஊற்றினாள். அவள் புருஷன் ராஜாராம் மர சாமான்களுக்குப் பாலீஷ் போடுகிறவன். பள்ளிக்கூடத்தில் மேஜை நாற்காலிக்கெல்லாம் பாலீஷ் போடும் வேலை பத்து நாளாக அவனிடம் இருந்தது. அன்றைக்குப் பனி கனமாக இறங்கியிருந்தது. ராஜகிரி மலை எட்டு மணிவரை தெரியவே இல்லை. எட்டரைக்குத்தான் பளிச்சென்று வெயில் அடித்தது.

பதினோரு மணிக்கு ரத்தினம்மாள் வந்தாள். பால் செம்பு இல்லை. முந்தானையில் எதையோ சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"சாரு இருக்கிறாராம்மா? சாரக் கூப்புடும்மா."

"இன்னா ரத்தினம், இப்படி மூச்சு வாங்குற?"

"எங்க ஊட்டுக்காரருக்குக் கண்ணு தெரியலம்மா. காலைல எழுந்து வாசல்ல குந்தினு, 'இன்னாடி இன்னிக்குப் பனி வெலகவே இல்ல'ன்னாரு. பனி இருந்திச்சி, நானும் ஆமான்னேன். பத்து மணிக்கு வெயில்ல குந்தினு இருக்குறாரு, 'இன்னும் வெலகல பாரு, எல்லாம் வெள்ளையா இருக்குது'ன்றாரு. என் மூஞ்சி தெரியலியாம். வயித்தப் புடிச்சிக்கினு சுருண்டு சுருண்டு வாந்தி எடுக்கறாரு. மூச்சு வேற மாதிரி வாங்குது."

சந்திரநாதன் உள்ளேயிருந்து வந்தார். "இன்னா குடிச்சான்?"

அவள் முந்தானையை விரித்தாள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். கால்வாசி இருந்தது. "உங்க பள்ளிக்கூடத்துதுதான் சார். கோச்சிக்காத சார். நேத்து வேலைக்குப் போனாரே, அங்கேருந்து எடுத்துக்கினு வந்துட்டாரு. 'பாலீஷுக்குக் கலக்கற ஸ்பிரிட்டு இல்லடி, இது பசங்க வெல்லத்துல காச்சினது, சாரே சொன்னாரு, சுத்தமானது'ன்னு நேத்து பொழுது சாய குடிச்சாரு."

வாத்தியார் பாட்டிலைத் திருப்பினார். லேபிளில் அவருடைய கையெழுத்து. மெத்தில் ஆல்கஹால். அதற்குக் கீழே சிவப்பு மையில் 'விஷம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் எழுதவில்லை.

"ஜன்னலோரம் இருந்ததா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்."

அவருக்குத் தெரிந்தது. பத்து நாளாக ராஜாராம் ஜன்னல் பக்கம் பாலீஷ் தேய்த்துக்கொண்டே பாடத்தைக் கேட்டிருக்கிறான். வெல்லத்தில் காய்ச்சிய பாட்டில் ஜன்னலோர மேஜையில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, இரண்டும் ஒரே மாதிரி வாசனை வரும், ஒன்று எரிபொருள், இன்னொன்று கொடிய விஷம், வாசனையை நம்பாதீர்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக மெத்திலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். சாயங்காலம் ஹெட்மாஸ்டர் கத்திவிட்டுப் போனதும் ஒன்றை மட்டும் பையில் ஒளித்துக்கொண்டு ஓடிவந்தார். மற்றதை அலமாரியில் வைத்துப் பூட்ட மறந்துபோனார்.

"நான் காச்சினத இங்க கொண்டு வராம இருந்திருந்தா, அவன் அதத்தான் குடிச்சிருப்பான்" என்றார் தனலட்சுமியைப் பார்த்து. "தலவலியோட போயிருக்கும்."

டாக்டர் நூருல்லாவின் கிளினிக் திருவண்ணாமலை ரோட்டில் இருந்தது. முப்பது வயதுகூட ஆகாதவர். வீட்டின் முன்னறையில் இரண்டு கட்டில் போட்டு வைத்தியம் பார்த்தார். ஹுசைன் பீ என்ற வயதான நர்ஸ் கூட இருந்தாள். குதிரை வண்டியில் ராஜாராமைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவன் கண்களை அகலமாகத் திறந்தபடி எதையோ தடவித் தேடினான். டாக்டர் பாட்டிலை முகர்ந்தார், லேபிளைப் படித்தார், பேட்டரி லைட்டைக் கண்ணில் அடித்துப் பார்த்தார்.

"எத்தன விரல் காட்டறேன், சொல்லு."

"இன்னா வெரலு? யாரு நிக்கறது?"

டாக்டர் வாத்தியாரை வெளியே கூட்டிவந்தார். "பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும் சார். ஊர்ல இருக்கிற ரெண்டு டாக்சியும் முகூர்த்தத்துக்குப் போயிருக்குது. நாலு மணிக்கு முன்னாடி வராது. இவன பஸ்ல ஏத்தினா போற வழியிலயே மூச்சு நின்னுடும். இதுக்கு மருந்து ஒண்ணே ஒண்ணுதான். நல்ல சாராயம். வயித்துல அது இருந்தா, இந்த விஷம் விஷமா மாறறத அது தடுத்துக்கினே இருக்கும். பிராந்தி இருந்தா போதும். என்கிட்ட இல்ல. ஊசி போடற இடத்துல தேய்க்கிற ஸ்பிரிட்டுலயும் விஷம் கலந்துருக்கும், குடுக்க முடியாது. மலையடிவாரத்துல காய்ச்சறவன் ஒருத்தனும் இப்ப வாயத் தொறக்க மாட்டான். அதுல இன்னா கலந்துருக்குதுன்னு வேற யாருக்குத் தெரியும்?"

விஷக் கேஸ் என்பதால் டாக்டர் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லியிருந்தார். ஏட்டு ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சந்திரநாதன் அவர் முன்னால்தான் பேசியாக வேண்டும்.

"என் வீட்ல இருக்குது டாக்டர்" என்றார்.

ஏட்டு நிமிர்ந்தார். "இன்னா இருக்குது?"

"சுத்தமான ஸ்பிரிட். நான் காய்ச்சினது. நானூறு மில்லி. போய் எடுத்துக்கினு வந்துடறேன்."

"நீங்க எங்கயும் போவக்கூடாது சார். விஷம் உங்க பாட்டில். எஸ்.ஐ. வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கணும்."

டாக்டர் ஏதோ சொல்லிப் பார்த்தார். ஏட்டு அசையவில்லை. கடைசியில் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி ரத்தினம்மாளிடம் கொடுத்து அனுப்பினார் வாத்தியார்.

'அரிசியில் இருப்பதை உடனே கொடுத்தனுப்பு. உயிர் போகிற காரியம். பயப்படாதே.'

தனலட்சுமி சீட்டைப் படித்தாள். ரத்தினம்மாளைப் பார்த்தாள். இவளிடம் கொடுத்தால் வழியில் போட்டு உடைப்பாள், அல்லது யாராவது கேட்டவுடன் அழுது சொல்லிவிடுவாள். இருப்பதே பாதி.

"நீ முன்னாடி போ. நான் எடுத்துக்கினு வர்றேன்."

"நீயாம்மா? வேணாம்மா, நான்..."

"போன்னு சொல்றன் இல்ல?"

அரிசியிலிருந்து பாட்டிலை எடுத்துத் துடைத்து, தூக்குப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, மூடியை அழுத்தினாள். வாசனை வரக் கூடாதென்று மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டினாள். தெருவில் இறங்கியதும்தான் பாட்டில் உள்ளே இடிக்கிற சத்தம் கேட்டது. ஓர் அடி வைத்தால் ஒரு 'டிங்'. அடியைச் சுருக்கினாள். சத்தமும் சின்னதாயிற்று, நிற்கவில்லை.

பஜாரில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கரும்புக் கட்டு இறக்குகிறவர்கள், வேர்க்கடலை மூட்டை, முகூர்த்தப் பை தூக்கிப் போகிறவர்கள். எல்லோரும் தன் கையையே பார்ப்பது போல இருந்தது. எதிரே வந்த ஜவுளிக் கடைக்காரர் மனைவி, "இன்னா டீச்சரூட்டம்மா, இந்த நேரத்துல?" என்றாள். தனலட்சுமி சிரிக்க முயன்றாள். உதடு ஒரு பக்கம்தான் போயிற்று. ஓடினால் சந்தேகப்படுவார்கள். மெதுவாக நடந்தால் அங்கே ஒருவன் மூச்சு நிற்கும். ஓட்டமும் நடையும் இல்லாத ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனுக்கு முன்னால் அதே ஜீப். சனிக்கிழமை தடி வைத்திருந்த போலீஸ்காரன் பானெட்டில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"இன்னாம்மா தூக்குல?"

அவள் நின்றாள். பாட்டில் கடைசியாக ஒருமுறை இடித்து அடங்கியது.

"கஞ்சி. நூருல்லா டாக்டர் கிட்ட."

"கஞ்சிக்கு இன்னாத்துக்கு ஈரத்துணி?"

"சூடா இருக்குது."

அவன் கையை நீட்டினான். தொட்டுப் பார்க்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தூக்கு ஜில்லென்று இருந்தது. உள்ளங்கையில் வேர்த்த வேர்வையில் பிடி வழுக்கியது. அப்போது உள்ளேயிருந்து யாரோ அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "போம்மா, போ" என்று உள்ளே ஓடினான்.

பொய் சொல்லக் கூடாது என்பது கல்யாணத்துக்கு முந்தியே மடத்தில் எடுத்துக்கொண்ட விரதம். அதைப் பற்றிய நினைப்பு கிளினிக் படியேறும்போதுதான் வந்தது. அதற்குள் பெஞ்சில் இருந்த ஏட்டைப் பார்த்துவிட்டாள். அவர் கண்ணெதிரே துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்து, பாட்டிலை டாக்டரிடம் நீட்டினாள். ஏட்டு எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க ஏட்டையா" என்றார் டாக்டர். பாட்டிலை முகர்ந்தார். "சார், எத்தன டிகிரியில இறங்கினது?"

"எழுபத்தெட்டு, எழுபத்தொம்போது. முதல்ல வந்ததக் கொட்டிட்டேன். ரெண்டாவது தடவையும் அப்படித்தான்."

"நிச்சயமா ரெண்டும் கலக்கல? காய்ச்சின பாத்திரத்துல முன்ன மெத்தில் வச்சிருந்தீங்களா?"

"இல்ல." சொல்லிவிட்டு அவருக்கே சந்தேகம் வந்தது. முகத்தில் தெரிந்தது. "இல்ல டாக்டர். குடுங்க, நான் குடிச்சுக் காட்டறேன்."

தேனைக்கூட நாக்கில் வைக்காத மனிதர் அவர். தனலட்சுமி அவர் கையைப் பிடித்தாள்.

"நீங்க குடிச்சுக் காட்டி இன்னா பிரயோஜனம் சார்?" என்றார் டாக்டர். "கெட்டதா இருந்தா அதுவும் நாளைக்குத்தான் தெரியும்." தட்டில் ஒரு சொட்டு விட்டுக் கொளுத்தினார். பார்த்தார். அதிலும் எதுவும் நிச்சயமாகத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். பாட்டிலைச் சாய்த்து அளவு பார்த்தார். "நானூறு மில்லின்னு சொன்னீங்க?"

வாத்தியார் பாட்டிலைப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"நேத்து ஜீப் வந்துது" என்றாள் தனலட்சுமி. "பயந்துக்கினு பாதியக் கொட்டிட்டேன்."

மூலையில் ரத்தினம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருக்கறது நாலு மணி வரைக்கும் தாங்கும்" என்றார் டாக்டர். "டாக்சி லேட்டா வந்தா கஷ்டம். ஹுசைன் பீ, எலுமிச்சம்பழத் தண்ணி, சக்கர, சோடா உப்பு."

ஹுசைன் பீ கட்டிலில் ஏறி உட்கார்ந்து ராஜாராமின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீரில் கலந்து டம்ளரை உதட்டில் வைத்தாள். முதல் வாய் குமட்டிக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி கொடுத்தாள். மூன்றாவது வாய் இறங்கியது. அவன் நாக்கால் உதட்டைத் துழாவினான்.

"சரக்கு" என்றான். "நல்ல சரக்கு."

"ஆமாண்டா, நல்ல சரக்குதான். முழுங்கு."

அதற்குப் பிறகு மணிக்கு ஒருமுறை கொடுத்தார்கள். பன்னிரண்டரை, ஒன்றரை, இரண்டரை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் விரலைக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் அவன் "வெள்ளை" என்றான். மூச்சு மட்டும் கொஞ்சம் சீரானது போலிருந்தது. வெளியே மேளச் சத்தத்தோடு ஒரு கல்யாண ஊர்வலம் போயிற்று. ரத்தினம்மாள் எழுந்து எழுந்து ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். தனலட்சுமி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலளவாயிற்று. அரை விரலாயிற்று. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மண் குடித்த சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏங்க, அது இருந்திருந்தா கண்ணு வந்துருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியாது" என்றார் சந்திரநாதன். "நான் பூட்டியிருந்தா கண்ணு போயிருக்காது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

நாலே காலுக்கு டாக்சி வந்தது. கண்ணாடியில் மஞ்சள் துணியும் பூவும் தொங்கின. கடைசி வாயைக் கொடுத்து, தூக்கி உள்ளே படுக்க வைத்தார்கள். டாக்டரே கூடப் போனார். வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, ஹுசைன் பீ உள்ளே போய் அந்தப் பாட்டிலை வெந்நீர் விட்டு மூன்று தடவை கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஏட்டு பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

எஸ்.ஐ. வந்தபோது மணி ஐந்து.

"காய்ச்சினது எங்க?"

"எல்லாம் நோயாளி வயித்துல" என்றாள் ஹுசைன் பீ.

அவர் பாட்டிலை எடுத்து முகர்ந்தார். ஒரு வாசனையும் இல்லை. ஏட்டைப் பார்த்தார். ஏட்டு சுவரைப் பார்த்தார். "பொருள் இல்லாம நான் இன்னா கேஸ் எழுதறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எஸ்.ஐ. வாத்தியார் பக்கம் திரும்பினார். "சரி சார், அந்த விஷ பாட்டில் எப்படி வெளிய வந்துது? பூட்டை ஒடச்சி எடுத்தானா?"

அந்தக் கேள்வியில் ஒரு வழி இருந்தது. தனலட்சுமிக்கே அது புரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ராஜாராம் திருடன் ஆவான், இவர் வாத்தியாராகவே இருப்பார். ரத்தினம்மாள் டாக்சியில் போய்விட்டிருந்தாள்.

"பூட்டல" என்றார் சந்திரநாதன். "மேஜை மேல வச்சிட்டு வந்துட்டேன். எழுதிக்கோங்க."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இருவரும் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. இனி விடிந்த பிறகுதான். பஜார் வழியாகவே நடந்தார்கள். அவள் கையில் வெறும் தூக்கு.

பங்குனியில் உத்தரவு வந்தது. இரண்டு வருஷம் இன்கிரிமென்ட் கிடையாது. கச்சிராயபாளையத்துக்கு மாற்றல். கல்வராயன் மலைக்குக் கீழே இருக்கிற ஊர். ஹெட்மாஸ்டர் அவரிடம் பேசுவதை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் வீட்டுக்கு வந்து நின்றார்கள். சாமான் கட்ட உதவிவிட்டுப் போனார்கள்.

ராஜாராம் பிழைத்து வந்திருந்தான். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடைக்கண்ணில் ஆள் அசைவது நிழலாகத் தெரியும் என்று சொன்னார்கள். வாத்தியார் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கும் சாப்பிடவில்லை.

ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின நாள் காலையில் ரத்தினம்மாள் பால் கொண்டுவந்தாள். ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"எங்க மேல கோவமா ரத்தினம்?" என்று தனலட்சுமி கேட்டுவிட்டாள். இத்தனை நாளாகக் கேட்கப் பயந்திருந்த கேள்வி.

"கோவம் வந்துது. ஆஸ்பத்திரில குந்தினு இருக்கும்போது, இந்தம்மா கொட்டாம இருந்தா இன்னான்னு வந்துது. நானா இருந்தா முழுசும் கொட்டியிருப்பேன்னு அப்புறம் தோணுச்சி. வுடும்மா. இப்ப என் பயம் வேற."

"இன்னா?"

"அடுத்த மாசம் சர்க்காரே சாராயக் கடை தொறக்கறாங்களாம். கூட்டுரோட்டுல எடம் பாத்துட்டாங்க. சீல் வச்ச சரக்காம், கண்ணு போவாதாம். இவரு நாள எண்ணிக்கினு இருக்கறாரு. ஊருல யாரு வந்து கேட்டாலும், 'என்னைப் பொழைக்க வச்சதே நல்ல சரக்குதான், டாக்டர் கையால குடுத்தாரு'ன்னு சொல்லிச் சிரிக்கறாரு. கண்ணு தெரியாட்டியும் கூட்டுரோட்டுக்கு அவருக்கு வழி தெரியும்மா. நான் எருமையப் பாப்பனா, அவரப் பாப்பனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க போற ஊரு எப்படிம்மா? கடை இல்லாத ஊரா இருந்தா சொல்லியனுப்பும்மா. எருமைய வித்துட்டு இவர இட்டுக்கினு அங்கேயே வந்துடறேன்."

அந்த ஊருக்கு மேலே கல்வராயன் மலையில் ஓயாமல் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்பது ஜில்லா முழுக்கத் தெரிந்த விஷயம். ரத்தினம்மாளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

தனலட்சுமி வாயைத் திறந்தாள். ஸ்டேஷனுக்கு முன்னால் அவ்வளவு சுலபமாக வந்த பொய் இப்போது வரவில்லை. ரத்தினம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, காலியான செம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.